நூறாவது அடி

அசர் கனூசெப்புக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். கட்டின மனைவியிடமும் கூட நடக்கிறவர்களிடமும் ஒரு மனுஷன் இத்தனை நாள் இதை மறைக்க முடியுமா என்று கேட்பீர்கள். டவுனில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தால் இரண்டாம் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அசர் பார்த்தது காண்டாமிருகங்களைக் காப்பதற்காக அவற்றின் தடம் பிடித்து நடக்கிற வேலை. அந்த வேலையில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

காண்டாமிருகத்துக்குக் கண் மட்டம், காது மகா கூர்மை. அதனால் முகாமை விட்டுக் கிளம்பியதும் பேச்சு நின்றுவிடும். அப்புறம் எல்லாம் கை ஜாடைதான். பதினாறு வருஷமாக உனியாப் ஆற்றுப் பக்கம், மழை கண்டிராத அந்தச் சிவப்புக் கல் மேடுகளில், அசர்தான் முன்னால் நடக்கிறவர். அவர் பேசாமல் இருப்பதை எல்லாரும் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களிடம், “அசர் அண்ணன் மாதிரி வாயக் கட்டப் பழகு” என்று வேறு சொல்லிக்கொடுத்தார்கள்.

வாலிபத்தில் ரோடு போடுகிறவர்களிடம் நாலு வருஷம் பாறை துளைக்கிற மிஷினைப் பிடித்திருந்தார். காதில் வைக்க அப்போது ஒரு பஞ்சுகூட யாரும் கொடுக்கவில்லை. அந்த வினை ஐம்பது வயதில் வந்து நின்றது. இடது காது சுத்தமாகப் போயிற்று. வலது காதில், முகத்துக்கு நேரே நின்று பேசினால் கம்பளிக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுகிற மாதிரி கேட்கும். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்.

பெர்க்சிக்கில் இருக்கிற வீட்டுக்கு லீவில் போனால்தான் ஆபத்து. மனைவி கத்ரீனா, “நான் மரக்கட்டையோட குடித்தனம் பண்றேன்” என்று தங்கையிடம் அங்கலாய்த்தாள். தங்கை லுட்வினா சிரித்தாள். “எந்த வீட்டுல புருஷனுக்குக் காது கேக்குது? நீ வேற, போக்கா.” முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக, அசரும் சிரித்தார்.

லுட்வினாவும் அவரோடு நடக்கிறவள்தான். முகாமில் சமையலுக்கு என்று வந்தாள். நாலு வருஷம் களி கிண்டிவிட்டு, “உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் கண்ணு நல்லா தெரியுது” என்று ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடக்கக் கிளம்பிவிட்டாள். அவளுக்குத் தடம் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆடு மேய்த்தவள். வாய் மட்டும் நீளம். மச்சானைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது. மூன்றாவது ஆள் கெர்சன். கோரிக்சாஸ் டவுன்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம், வேலைக்கு வந்து இரண்டு மாசம். காமிராவும் வயர்லெஸ்ஸும் அவன் பொறுப்பு.

இந்த மூன்று பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருந்தது. முன்னால் போகிறவருக்குத் தடமும் காற்றும் காதும். நடுவில் வருகிறவருக்கு இரண்டு பக்கமும் கண். கடைசியில் வருகிறவன் முதுகுப் பக்கம் பார்த்துக்கொள்வான். நூறு அடிக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் நிற்பார். மூச்சை அடக்கிக் காது கொடுப்பார். ஏதாவது கேட்டால் கை விரல்களை முட்டியாக மடக்கிக் காட்டி, சத்தம் வந்த திசைக்கு விரல் நீட்டுவார். ஒன்றும் இல்லை என்றால் கையை விரித்துக் காட்டுவார். பின்னால் இருக்கிறவர்கள் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள். மூன்று பேரும் எல்லாவற்றையும் கவனித்தால் கடைசியில் ஒருத்தரும் எதையும் கவனிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு.

இரண்டு வருஷமாக அசர் ஒவ்வொரு நூறாவது அடியிலும் நின்றார், தலையைச் சாய்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கையை விரித்தார். அது பொய் என்றும் சொல்ல முடியாது, அவருக்கு நிஜமாகவே ஒன்றும் கேட்கவில்லையே. ஒத்துக்கொண்டால் முகாமில் பாத்திரம் கழுவ உட்காரவைப்பார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடக்காத அசர் யார்? அதனால் நடந்தார்.

நவம்பர் மாசம் அது. அத்தையைத் தேடித்தான் கிளம்பினார்கள். அத்தை என்பது ஒரு கிழட்டுப் பெண் காண்டாமிருகம். யாரைக் கண்டாலும் குறை கண்டுபிடித்துப் பாய்ந்து வருவாள், பாதியில் நின்று சலித்துக்கொண்டு திரும்பிப் போவாள். அதனால் அந்தப் பெயர். மூன்று மாசமாக யார் கண்ணிலும் படவில்லை. கடைசியாகப் பார்த்தபோது சினையாக இருந்தாள். குட்டி பிறந்ததா, பிழைத்ததா, அடையாளத்துக்குக் காது இரண்டும் தெரிகிற மாதிரி படம் வேண்டும் என்று தலைமை முகாமில் மேலதிகாரி ஒத்னியேல் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

காலையில் கடல் பக்கமிருந்து வந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. லுட்வினா தேநீர்க் கெட்டிலை இறக்கிக்கொண்டே சொன்னாள். “மச்சான், ராத்திரி நம்ம சுமைக் கழுதைங்க ஒரே அமர்க்களம். கேட்டுச்சா?”

பாதி வாக்கியத்தில் அவள் நெருப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். அசருக்கு ‘மச்சான்’ மட்டும்தான் கிடைத்தது. “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு மனுஷன் இரண்டு வருஷம் காலத்தை ஓட்டியிருக்கிறார்.

“கழுதப்புலி ஏதாவது வந்திருக்குமாக்கா?” என்று கெர்சன் கேட்டான். “எனக்குத் தூக்கமே வரல. கயித்த அறுத்துக்கும் போல இருந்துச்சு.”

“மச்சான் எந்திரிச்சுப் பாக்கலல்ல? அப்ப ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அவருக்குத் தெரியாததா? நீ டீயக் குடி. சக்கரை போட்டுட்டேன், மறுபடி அள்ளிப் போடாத.”

அசர் இடுப்பில் சாம்பல் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய காலுறையில் சலித்த சாம்பலை நிரப்பி முடிச்சுப் போட்டது அது. தட்டினால் புகை மாதிரி பறந்து காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். முன்னால் நடக்கிறவர் மட்டும்தான் கட்டலாம். ஒரு தட்டுத் தட்டினார். சாம்பல் அவர் மார்பில் வந்து படிந்தது. காற்று எதிரே வருகிறது. நல்லது. கையை ஆட்டினார், கிளம்பினார்கள்.

வெயில் ஏறி, பனி போய், கல்லெல்லாம் சூடு கக்க ஆரம்பித்த நேரத்தில் அத்தையின் தடம் கிடைத்தது. ஓடை மணலில் மூன்று விரல் அடி, குதிகாலில் கோணலான அந்தப் பழைய வெடிப்பு. சந்தேகமே இல்லை. பக்கத்தில் சின்னதாக, உள்ளங்கை அகலத்துக்கு, இன்னொரு அடி. லுட்வினா வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தாள். கெர்சன் காமிரா உறையைத் திறந்துவிட்டான். குட்டி இருக்கிறது. நடக்கிறது.

அசர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியின் அடி மேல் தாயின் அடி மிதித்திருந்தது. ஒரு இடத்தில் இல்லை, ஐந்தாறு இடத்தில். அப்படியென்றால் குட்டி முன்னால் போயிருக்கிறது, தாய் பின்னால். இந்தக் கறுப்புக் காண்டாமிருகங்கள் அப்படி நடக்காது. தாய் முன்னால் போகும், குட்டி வாலைப் பிடித்த மாதிரி பின்னால் வரும். குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போகிறாள் என்றால் பின்னால் ஏதோ வந்திருக்கிறது. தடமோ இன்று விடிகாலைத் தடம். ஓரம்கூட இன்னும் உதிரவில்லை.

எது பின்னால் வந்தது என்று தேடினார். ஓடையைத் தாண்டினால் கல். கல்லில் எந்தப் பாதமும் பேசாது. ஒன்றும் கிடைக்கவில்லை.

அங்கே அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முட்டியை மடக்கிக் காட்டி மூன்று பேரையும் மேட்டுக்கு ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் முட்டியை மடக்கினால் திசைக்கு விரல் நீட்ட வேண்டுமே. எந்தத் திசைக்கு நீட்டுவார்? லுட்வினா புருவத்தைத் தூக்கிக் கேட்பாள், என்ன கேட்டது என்று. தப்பான பக்கம் நீட்டினால் கெர்சனே கண்டுபிடித்துவிடுவான். கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம், தடத்தைக் காட்டியிருக்கலாம். பயந்தவனுக்கு அதெல்லாம் தோன்றாது. அவர் எழுந்து, தலையைச் சாய்த்து, ஒரு நிமிஷம் நின்று, கையை விரித்துக் காட்டினார்.

நடந்தார்.

ஓடைக்கு அப்பால் கள்ளிப்புதர்கள். ஒவ்வொன்றும் ஒரு குடிசை உயரம், சாம்பல் பச்சைக் குச்சிகள் நெருக்கமாக. உள்ளே யானையே படுத்திருந்தாலும் வெளியே தெரியாது. அசர் தடத்தில் கண்ணை வைத்து அடியை எண்ணிக்கொண்டே போனார். எண்பது. தொண்ணூறு. லுட்வினா இருபது அடி பின்னால், கெர்சன் அவளுக்குப் பின்னால். நூறு. நின்றார். இடது கைப்பக்கம் எட்டு அடியில் பெரிய புதர் ஒன்று.

அவர் நிற்பதற்கு முன்பே உறுமல் ஆரம்பித்துவிட்டது. லுட்வினா பிறகு சொன்னாள், காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது என்று. கெர்சன் அப்படியே சிலையானான். இப்போது மச்சான் முட்டியை மடக்குவார், விரலை நீட்டுவார், பின்னால் வரச் சொல்வார் என்று அவள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறுமல் கூடிக்கொண்டே போனது. அசர் நிதானமாகத் தலையைச் சாய்த்தார். காது கொடுத்தார். கையைத் தோளுக்கு மேல் தூக்கினார்.

விரித்தார். ஒன்றும் இல்லை, வாருங்கள்.

லுட்வினாவுக்கு அந்த ஒரு நொடியில் தலை சுற்றியது. பைத்தியம் பிடித்துவிட்டதா இந்த மனுஷனுக்கு? குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து வீசினாள். அது அசரின் தோளில் பட்டது. கல் விழுந்தால் அசையாதே என்று அர்த்தம். அவர் தலையை மட்டும் திருப்பினார். அவள் ஐந்து விரலையும் வளைத்து நகம் மாதிரி காட்டி, இடது பக்கம் நீட்டினாள்.

அசர் பார்த்தார். குச்சிகளுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண். கீழே ஒரு மானின் விலா எலும்புகள், சிவப்பாக. அதன் மேல் இரண்டு குட்டிகள். ஒரு குட்டி அவரைப் பார்த்துவிட்டு வாயை நக்கிக்கொண்டது. தாயின் வாய் விரிந்து பல் தெரிந்தது. வால் தரையை அடித்தது. அது தரையை அடிக்கிற சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. சத்தமே இல்லாமல் ஒரு பெண் சிங்கம் தன்னைப் பார்த்து வாயைத் திறப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்கு எல்லாம் புரிந்தது. இவள் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாக? நான் கையை விரித்தேனே?

இந்த மாதிரி மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று கெர்சனுக்கும் லுட்வினாவுக்கும் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முதுகைக் காட்டாதே. சிங்கம் யாரைப் பார்க்கிறதோ அவர் பேச வேண்டும், விடாமல், ஒரே குரலில், விருந்தாளி வாசலில் நின்று தன்னைச் சொல்லிக்கொள்கிற மாதிரி. மற்றவர்கள் பின்னால் போக வேண்டும். உறுமல் ஏறினால் நில். இறங்கினால் ஒரு அடி பின்னால் வை. மறுபடி ஏறினால் மறுபடி நில். அவசரப்பட்டவனை அது சும்மா விடாது.

உறுமல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாதவன் என்ன செய்வான்? அதைப் பற்றி அவர் பாடத்தில் எதுவும் இல்லை.

“நான் அசர்,” என்றார். “கனூசெப் வீட்டு ஆளு. பெர்க்சிக்குல இருந்து வர்றேன். உன் கறி எங்களுக்கு வேணாம். புள்ளைங்களத் தொட வரல. வழி தெரியாம வந்துட்டோம்.”

ஒரு அடி பின்னால் வைத்தார். தப்பான நேரம். உறுமல் உச்சத்தில் இருந்தது. புதர் உடைந்தது. சிங்கம் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து, மண் தெறிக்க, அவருக்கு நாலு அடியில் நின்றது. கெர்சன் அலறலைக் கையால் பொத்திக்கொண்டான். அசர் நின்றார். ஓடத் தோன்றவில்லை என்று இல்லை. தோன்றியது, ஆனால் தான் ஓடினால் அது தாண்டிப் போய் லுட்வினாவின் மேல் விழும் என்பது அதற்கு முன்னால் தோன்றிவிட்டது.

“சரி, சரி, தாயி,” என்றார். “நான் நிக்கிறேன். நீ சொன்னா போறேன், இல்லன்னா நிக்கிறேன். உன் வீடு இது. கத்ரீனாகிட்ட லீவுல போனப்பவே சொல்லிட்டு வந்திருக்கணும், சொல்லல. பதினேழு ஆடு இருக்கு எனக்கு. ஒண்ணு நொண்டி.” என்ன பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. குரல் விடக்கூடாது, அவ்வளவுதான். வார்த்தை தீர்ந்துகொண்டே வந்தது. தீர்ந்த இடத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். “எனக்குக் காது கேக்காது, தாயி. ரெண்டு வருஷமாச்சு. நீ உறுமுறியா, நிறுத்திட்டியா, ஒண்ணும் தெரியல. யாருகிட்டயும் சொல்லல. உங்கிட்டதான் சொல்றேன்.”

லுட்வினாவுக்கு அது கேட்டது. அவள் மேலும் பத்து அடி பின்னால் போயிருந்தாள். விதிப்படி இன்னும் போயிருக்க வேண்டும். அவள் நின்றாள். பிறகு, கெர்சன் கையைக் கையை ஆட்டி வேண்டாம் என்று காட்டக் காட்ட, முன்னால் நடந்து வந்தாள், ஒவ்வொரு அடியாக, மச்சானின் முதுகுக்குப் பின்னால் மறைந்து. அவர் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்தாள்.

அசருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தன்னைப் பிடித்து நிறுத்துகிறது. பிறகு அந்தப் பிடி தளர்ந்து மெல்லப் பின்னால் இழுத்தது. ஒரு அடி வைத்தார். சிங்கம் அசையவில்லை. பிடி மறுபடி இறுகி அவரை நிறுத்தியது. சிங்கத்தின் உதடு மேலே ஏறியது. நின்றார். பேசிக்கொண்டே இருந்தார். பிடி இழுத்தது, ஒரு அடி. இறுகியது, நின்றார். அவள் ஒரு தடவைகூடத் தப்பாக இழுக்கவில்லை.

ஐம்பது அடி அப்படிப் போனார்கள். நொண்டி ஆட்டைப் பற்றியே பேசினார். கடைசியில் சிங்கம் உட்கார்ந்தது. பிறகு எழுந்து, இவர்களை மறந்துவிட்ட மாதிரி, குட்டிகளிடம் போய்விட்டது. அவர்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி, நிழல் இருந்த ஒரு பாறையடியில் விழுந்தார்கள்.

கெர்சனுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. அழுதுகொண்டே சிரித்தான். “அண்ணே, என்ன மனுஷன்ணே நீங்க. அது காது கிழிய உறுமுது, நீங்க திரும்பிக்கூடப் பாக்காம கைய விரிச்சுக் காட்டுறீங்க. இதெல்லாம் ஒரு விஷயமாடான்னு. எனக்குக் கால்சட்டையே நனஞ்சுபோச்சு, சொல்லாதீங்க யாருகிட்டயும். இத நான் என் பேரப்புள்ளைங்களுக்குச் சொல்லுவேன்.”

அசர் அவன் உதட்டைப் பார்த்தார். முழுதும் புரிந்தது. லுட்வினாவைப் பார்த்தார். அவள் பாறையில் சாய்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் சீண்டுகிற வாய் மூடியிருந்தது. அது அவருக்குச் சிங்கத்தை விடப் பயமாக இருந்தது.

முகாமுக்குத் திரும்புகிற வழியில் கெர்சன் முன்னால் போனபோது அவள் அவரைத் தன் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “ரெண்டு வருஷம்.”

“ம்,” என்றார் அசர். இந்த ‘ம்’ பொய்யில்லை.

“நூறு அடிக்கு ஒரு தடவ கைய விரிச்சீங்க.”

“ஆமா.”

“என் புள்ள பள்ளிக்கூடத்துல இருக்கு. அவனுக்கு அப்பன் இல்ல. தெரியும்ல உங்களுக்கு?” அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. “இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், மச்சான். அக்காகிட்டயும் சொல்லமாட்டேன். என்ன செய்யணும்னு நீங்களே பாத்துக்குங்க.”

அதுதான் கொடுமை. அவள் கத்தியிருந்தால், காட்டிக்கொடுக்கிறேன் என்று மிரட்டியிருந்தால் அவர் சண்டையாவது போட்டிருப்பார். மீதி வழி முழுதும் அவர் மனதில் ஒரு கணக்கு ஓடியது. கெர்சன் சொல்கிற கதை ஊர் முழுதும் பரவும். சிங்கத்தின் முன்னால் கையை விரித்த அசர். அதற்கப்புறம் யார் அவர் காதைச் சந்தேகப்படப்போகிறார்கள்? இன்னும் ஐந்து வருஷம் நடக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த வேலையில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே.

மாலை ஆறு மணிக்கு வயர்லெஸ் வரும். அடுப்பில் களி கொதித்துக்கொண்டிருந்தது, காய்ந்த இறைச்சியை லுட்வினா கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். கெர்சன் பட்டனை அழுத்திப் பிடித்து, மூச்சு விடாமல், நடந்ததை எல்லாம் கொட்டினான். நடந்ததோடு நடக்காததும் கொஞ்சம் சேர்ந்தது. சிங்கம் ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது. அந்தப் பக்கம் முகாமில் இருந்தவர்கள் எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்று ஆரவாரம் செய்கிறார்கள் என்பது அவன் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

“அண்ணே, ஒத்னியேல் சார் உங்ககிட்ட பேசணுமாம்.” கருவியை நீட்டினான்.

வழக்கமாக இந்த இடத்தில் அசர் பேட்டரி தீர்ந்துவிடும் என்பார், கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். இப்போது வாங்கிக்கொண்டார். காதில் வைத்தார். ஒன்றும் இல்லை. லுட்வினா கல்லைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் பட்டனை அழுத்தினார்.

“சார், நான் அசர். நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காது. இன்னிக்கு இல்ல, ரெண்டு வருஷமா. அந்தச் சிங்கம் உறுமுனது எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கைய விரிச்சேன். தைரியம் எல்லாம் இல்ல. இவங்க ரெண்டு பேரையும் அது வாய்க்குள்ள கூட்டிட்டுப் போனது நான்தான். வெளிய கூட்டிட்டு வந்தது லுட்வினா.”

விரலை எடுத்தார். கெர்சனின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து, பிறகு மெல்ல வெளுத்தது. பையன் காலையிலிருந்து நடந்த ஒவ்வொரு நூறாவது அடியையும் எண்ணிப் பார்க்கிறான் என்று அசருக்குத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கருவியை லுட்வினாவிடம் கொடுத்தார்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டார்.

அவள் காதில் வைத்துக் கேட்டாள். “ஒண்ணும் சொல்லல.”

“பூசி மெழுகாத.”

“இல்ல மச்சான். நெசமாவே அந்தப் பக்கம் யாரும் பேசல.” அப்புறம் குரல் வந்தது; தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். கருவியை வைத்துவிட்டு அவருக்கு நேரே வந்து உட்கார்ந்தாள். “ஞாயித்துக்கிழம வண்டி வருதாம். மத்தத நேர்ல பேசிக்கலாமாம். கோவமாத்தான் இருக்காரு. வேற ஆளு இப்ப இல்ல, அத்தை படம் அவசியம் வேணும்னாரு. நாளைக்கு முன்னாடி யாரு நடக்குறதுன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்.”

அசர் இடுப்பிலிருந்த சாம்பல் பையை அவிழ்த்தார். முடிச்சு பதினாறு வருஷத்து முடிச்சு, சட்டென்று வரவில்லை. அவள் மடியில் வைத்தார். லுட்வினா அதைக் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி உருட்டினாள்.

“நாளைக்கு நான் கைய விரிச்சா நம்புவீங்களா?”

“நம்பாம?”

“நானும் அப்படித்தான் நம்புனேன்,” என்றாள். களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்து போய்க் கிண்டினாள். முதல் தட்டை அவருக்குத்தான் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் புதர்களைச் சுற்றிக்கொண்டு மேட்டு வழியாகப் போய் மறுபக்கம் தடத்தைப் பிடித்தார்கள். லுட்வினா முன்னால், அசர் நடுவில், கெர்சன் கடைசியில். ஒருத்தரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்து அசருக்குப் பழக்கமில்லை; இரண்டு முறை அவள் குதிகாலை மிதித்தார். நூறாவது அடியில் அவள் நின்றாள். தலையைச் சாய்த்தாள். காற்று மட்டும்தான் போலிருக்கிறது. கையைத் தூக்கினாள். ஆனால் விரிக்கவில்லை. அப்படியே திரும்பி, புருவத்தைத் தூக்கி, அசரைப் பார்த்தாள்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மணலில் அத்தையின் பெரிய அடி, கோணல் வெடிப்போடு. அதற்குள், அதன் மேல், குட்டியின் சின்ன அடி தெளிவாகப் பதிந்திருந்தது. அடுத்த அடியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். குட்டி பின்னால் வந்திருக்கிறது. தாய்க்கும் குட்டிக்கும் பின்னால் எதுவும் வரவில்லை. நேற்றும் இந்தத் தடம்தான் இத்தனை தெளிவாகச் சொன்னது. காது போனதை மறைக்கத்தான் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதை நினைத்ததும் முகம் சுருங்கியது. லுட்வினாவை நிமிர்ந்து பார்த்து, சின்ன அடியைத் தொட்டுக் காட்டித் தலையசைத்தார்.

அவள் கையை விரித்தாள். அசர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே எழுந்து அவள் பின்னால் நடந்தார்.